பழைய மினி காரில் புதுச் சீட் பொருத்துவது: முதல் அளவிலிருந்து கடைசி போல்ட் வரை

இந்த வேலையைத் தொடங்குபவர்களில் பாதிப் பேர் கடைசிப் படியை முதலில் செய்துவிடுகிறார்கள். நல்ல விலைக்கு ஒரு ஜோடி சீட் கிடைத்தது என்று வாங்கி வந்துவிட்டு, அப்புறம்தான் அதை மினிக்குள் எப்படி நுழைப்பது என்று யோசிக்கிறார்கள். 1959இல் வந்த மினிக்கும் 2000இல் நின்றுபோன கடைசி மினிக்கும் உடல் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்: நீளம் சுமார் 3.05 மீட்டர், அகலம் 1.41 மீட்டர். இன்றைய காரின் சீட் அந்த அகலத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். சீட் வாங்குவது ஆறாவது படியில்தான் வருகிறது.

இது பழைய மினியை மனத்தில் வைத்து எழுதியது. ஃபியட் 500, மோரிஸ் மைனர் போன்ற மற்றச் சிறிய கார்களுக்கும் வரிசை இதேதான். போல்ட் அளவும் பிடிமானமும்தான் மாறும்.

1. காகித வேலை

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. நீங்கள் செய்யப்போவது எதில் வருகிறது என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பட்டறையில் யாரோ "அதெல்லாம் ஒன்னும் இல்லப்பா" என்று சொன்னது ஆய்வு நிலையத்தில் செல்லாது.

பதிவில் நான்கு பேருக்கான கார் என்று இருந்தால், வேலை முடிந்த பிறகும் நான்கு பேருக்கான காராகவே இருக்க வேண்டும். பின் சீட்டை எடுத்துவிட்டு முன் சீட்டைப் பின்னால் தள்ளும் ஆசை பலருக்கு வரும். இருக்கை எண்ணிக்கையை மாற்றுவது வேறு விவகாரம்; அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். விபத்துக்குப் பிறகு "சொல்லவே இல்லையே" என்று அவர்கள் சொல்லும் நிலை வரக்கூடாது.

பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. ஆய்வு தேதி நெருங்கும்போது இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம். ஏதாவது ஒரு பாகம் வரத் தாமதமானால் கார் சீட் இல்லாமல் நிற்கும்.

உங்கள் கார் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 35 ஆண்டு கடந்த கார்களுக்கான அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். "ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சரிசெய்யலாம்" என்று ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு நாள் போகும். அதனால் முடிந்த எல்லாச் சோதனைகளையும் கார் நிற்கும்போதே செய்ய வேண்டும். பின்னால் வரும் படிகளில் சிலது அதிகப்படியாகத் தோன்றினால் காரணம் இதுதான்.

2. இடமும் கருவிகளும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடம் இதற்கு ஏற்ற இடமல்ல. இரண்டு கதவையும் அகலத் திறந்து, சீட்டைத் தரையில் வைத்து, காருக்கு அடியிலும் போய்ப் பார்க்க வேண்டும். சின் மிங், காக்கி புக்கிட், யூபி பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் மூலையில் இடம் கேளுங்கள். சீட்டைத் தாங்கும் ஃபிரேமில் வெல்டிங் தேவைப்பட்டால் எப்படியும் அங்கேதான் போக வேண்டும்.

வேண்டிய கருவிகள்: அங்குல அளவு ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), துரு இளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, டேப், ரசமட்டம், கைவிளக்கு, கொஞ்சம் கெட்டி அட்டை. ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் அநேகமாக எல்லாமே கிடைக்கும். அங்குல அளவு கருவிகள்தான் முக்கியம். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் உட்காருவது போலத் தெரியும். ஆனால் அரை அங்குலம் 12.7 மி.மீ. துருப்பிடித்த போல்ட்டில் அந்த இடைவெளி போதும், தலையின் முனை மழுங்கிவிடும்.

3. பழைய சீட் உள்ளே இருக்கும்போதே அளவு எடுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. சீட்டைக் கழற்றிவிட்டால் நீங்கள் இதுவரை எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

வழக்கமாக ஓட்டுபவர் சீட்டில் உட்காரட்டும். இன்னொருவர் டேப்பைப் பிடிக்கட்டும். தலை உச்சிக்கும் கூரைத் துணிக்கும் உள்ள இடைவெளி, ஸ்டீயரிங்கின் கீழ் விளிம்புக்கும் தொடைக்கும் உள்ள இடைவெளி, கிளட்சை முழுக்க மிதித்த நிலையில் முழங்கால் எங்கே நிற்கிறது, இடுப்பு எலும்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் உட்கார்ந்து, ஃபோம் அமுங்கிய நிலையில்தான் எடுக்க வேண்டும். காலிச் சீட்டின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். பழைய சீட்டில் ரப்பர் விரிப்பு தொய்ந்து, நீங்கள் நினைப்பதைவிட மிகக் கீழே உட்கார்ந்திருப்பீர்கள். புதுச் சீட்டின் ஃபோம் அவ்வளவு அமுங்காது.

அடுத்து காரின் அளவு: தரையின் குறுக்கே போகும் சட்டத்தின் மட்டத்தில் வாசற்படிக்கும் நடுத் திட்டுக்கும் இடையே எவ்வளவு அகலம், தோள் மட்டத்தில் கதவு மூடியபின் எவ்வளவு மிச்சம், ஹேண்ட்பிரேக்கை இழுக்கும் கைக்கு எவ்வளவு இடம். மினியின் பெடல்கள் சக்கர வளைவைத் தவிர்ப்பதற்காகக் காரின் நடுப்பக்கம் ஒதுங்கியிருக்கும். சீட்டையும் வெளிப்பக்கம் தள்ளினால் உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கோணலாக உட்கார நேரும். அரை மணி நேர ஓட்டத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

4. கழற்றுதல்

பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். சலூன் மினியில் பேட்டரி பின்பக்கப் பெட்டியில் இருக்கிறது. சீட்டுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பேட்டரி பின்னால், எஞ்சின் முன்னால் என்பதால் அந்தத் தடித்த வயர் காரின் நீளத்துக்கும் ஓடுகிறது. பின்னால் துளை போட நேர்ந்தால் அதன் அருகே வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

போல்ட்களில் முதல் நாள் மாலையே எண்ணெய் தெளித்து விடுங்கள். மினியின் முன் சீட் தரையின் குறுக்கே போகும் சட்டத்தில் கீல் மாதிரி பிடித்திருக்கும். பின் சீட்டுக்குப் போக முழுச் சீட்டும் முன்னால் சாயும். பழைய மாடல்களில் பின்பக்கம் எதிலும் பூட்டாமல் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும். பிந்தியவற்றில் பூட்டுக் கொக்கி உண்டு. எது எப்படி இருந்தது என்று ஒவ்வொரு கோணத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள்.

போல்ட் நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் நட் தகட்டோடு ஒட்டவைக்கப்பட்டது. அது பிய்ந்து உள்ளே சுழல ஆரம்பித்தால் ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சற்று இறுக்கிப் பிறகு இளக்குங்கள். இப்படி முன்னும் பின்னும் அசைத்தால் அநேகமாக வந்துவிடும்.

5. தரையைப் பாருங்கள்

சீட் வெளியே வந்ததும் கம்பளத்தையும் அதற்கு அடியில் உள்ள மெத்தைத் தாளையும் உரித்துப் பாருங்கள். இங்கே பெய்யும் மழைக்கு மினியின் கதவு ரப்பர் எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த நீர் கம்பளத்துக்கு அடியில் நின்றுகொண்டு, காற்றின் ஈரத்தில் காயவே காயாது.

குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், வாசற்படி ஓரம், நட் இருக்கும் இடம் மூன்றையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். டிக் என்று சத்தம் வந்தால் நல்ல இரும்பு. மந்தமாகச் சத்தம் வந்து நுனி உள்ளே போனால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தகடு மாற்றி வெல்டிங் செய்த பிறகுதான் மற்றது. மோதும்போது உங்கள் எடை முழுவதும் இந்த இரும்பில்தான் விழப்போகிறது. இந்தப் படியில் பெயின்ட் அடித்து மறைப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

மேலோட்டமான துரு மட்டும் என்றால் கம்பித் தூரிகை, துரு மாற்றும் திரவம், பிரைமர், பெயின்ட். காய்ந்த பிறகு அடுத்த படி.

6. சீட்டைத் தேர்ந்தெடுத்தல்

சிங்கப்பூரில் ஒரு சபலம் இருக்கிறது. வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டு என்பதால், நல்ல நிலையில் உள்ள கார்கள் ஏராளமாக உடைபடப் போகின்றன. உள்ளே உள்ள சீட் புதிது மாதிரி இருக்கும், விலையும் சல்லிசு. வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பக்கவாட்டு ஏர்பேக். இன்றைய பல கார்களின் சீட் முதுகுக்குள் அது இருக்கிறது. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்ற சிறு முத்திரையோ, அடியில் மஞ்சள் நிற இணைப்பு முனையோ தெரிந்தால் அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது வெடித்து விரியும் பொருள். அதைச் சொந்தமாகப் பிரித்து எடுக்க நினைக்கவே வேண்டாம். பக்கிளோடு வரும் சீட்டில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் வெடிக் கருவியும் இருக்கக்கூடும். அதற்கும் இதே பதில்.

இரண்டாவது, முன்னால் சாய்வது. மினிக்கு இரண்டே கதவு. முன் சீட் சாயாவிட்டால் பின்னால் யாரும் ஏற முடியாது. விபத்தில் பின்னால் இருப்பவர் வெளியே வரவும் முடியாது. இங்கே உடைபடும் கார்களில் பெரும்பாலானவை நான்கு கதவு. அவற்றின் சீட் அப்படிச் சாய வேண்டிய தேவையே இல்லை. பலர் விரும்பும் மாஸ்டா எம்எக்ஸ்-5 சீட்டும் அப்படித்தான்: அளவில் சிறியது, உட்கார அருமையானது, ஆனால் அது பின் சீட்டே இல்லாத கார். எனவே அந்தச் சீட்டுக்கு முழுதாக முன்னால் கவிழும் ஃபிரேம் வேண்டும். மூன்று கதவு ஹாட்ச்பேக் சீட் கிடைத்தால் அதன் முதுகு தானாகவே சாயும், வேலை சுலபம்.

மூன்றாவது, நெம்புகோல் இருக்கும் பக்கம். முதுகைச் சாய்க்கும் கைப்பிடி வழக்கமாகக் கதவுப் பக்கம் இருக்கும். நம் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு, ஓட்டுநர் சீட் வேறு, பயணி சீட் வேறு. இடம் மாறினால் கைப்பிடி நடுத் திட்டில் முட்டும். சரியான பக்கமே என்றாலும், கதவை மூடியபின் விரல்கள் உள்ளே போக இடம் இருக்கிறதா என்று அட்டையில் வெட்டிப் பாருங்கள்.

உடைந்த காரின் சீட்டைத் தேடி அலைய விருப்பமில்லாதவர்களுக்கு கோப்ரா போன்ற நிறுவனங்களின் சீட் இருக்கிறது. மினிக்கென்றே செய்த ஃபிரேமும் தனியாக விற்பனைக்கு உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் ஃபிரேம் செய்யச் சொல்லிப் பட்டறைக்கு அலையும் செலவைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு இல்லை. முதல்முறை செய்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

உறை விஷயம் சுருக்கமாக: வெயிலில் நிறுத்தும் கார் என்றால் கருப்பு வினைல் வேண்டாம். தலை சாய்ப்பான் இல்லாத சீட்டும் வேண்டாம். பின்னாலிருந்து மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான். புதுச் சீட்டுக்கு மாறுவதில் உள்ள நிஜமான லாபமே அது.

7. ஃபிரேம்

சீட் பொருந்துமா பொருந்தாதா என்பதை முடிவுசெய்வது ஃபிரேமின் உயரம். சீட் முன்னும் பின்னும் நகரும் அதன் சொந்த ரெயிலுக்கு ஓர் உயரம், அதற்கு அடியில் ஃபிரேமுக்கு ஓர் உயரம் என்று இரண்டும் கூடினால் கோப்பிக் கடை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து ஓட்டுவது போலாகிவிடும். தலை கூரையில் இடிக்கும், கண் முன்பக்கக் கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் போய்விடும், போக்குவரத்து விளக்கைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால் முதலில் வெறும் மரக்கட்டை அடுக்கி, சீட்டை அதன் மேல் வைத்து உட்காருங்கள். மூன்றாம் படியில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். தலைக்கும் கூரைக்கும் இடையே மூடிய கைமுட்டி தாராளமாகப் போக வேண்டும். கட்டையைக் குறைத்துக் குறைத்துச் சரியான உயரம் கிடைத்ததும், அந்தக் கட்டையின் உயரம்தான் ஃபிரேமின் உயரம். முன்பக்கம் சற்று உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பிரேக் போடும்போது முன்னால் வழுக்காது.

கட்டை மேல் உட்கார்ந்திருக்கும்போதே சீட் பெல்ட்டையும் மாட்டிப் பாருங்கள். புதுச் சீட்டின் உயர்ந்த ஓரம் பக்கிளை மறைத்துவிடும், அல்லது பெல்ட்டை இடுப்பிலிருந்து வயிற்றுக்குத் தூக்கிவிடும். பெல்ட் இடுப்பு எலும்பின் மேல் படிந்து போக வேண்டும். வயிற்றின் மேல் போனால் மோதலில் காயம் உள்ளுறுப்புக்கு. படியவில்லை என்றால் நீளம் மாறுபட்ட பக்கிள் வாங்கலாம். ஆனால் பெல்ட்டின் பிடிமான இடத்தை நகர்த்த வேண்டாம். அந்த இடம் காரின் உடலில் வலுவூட்டிச் செய்யப்பட்டது.

கூடுமானவரை காரில் ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்தும் ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால், தரைத் தகடு மெல்லியது என்பதை மறக்காதீர்கள். சாதாரண வாஷர் போட்டால் இழுப்பில் வாஷரோடு பிய்ந்து வரும். கார் பந்தயத்துக்கு அதன் உலக அமைப்பான எஃப்ஐஏ வைத்திருக்கும் விதி நல்ல அளவுகோல்: ஒரு சீட்டுக்குக் குறைந்தது நான்கு பிடிமானம், 8 மி.மீ. போல்ட், ஒவ்வொன்றுக்கும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பளவுள்ள, 3 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு அடியில். துளை போடும் முன் காருக்கு அடியில் போய்ப் பாருங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பேட்டரி வயர் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகின்றன.

வெல்டிங் தெரியாதவர் இங்கே கை வைக்கக்கூடாது. பட்டறைக்காரரிடம் அட்டையில் வெட்டிய அளவையும் மரக்கட்டையையும் கொண்டுபோய்க் கொடுங்கள். "கொஞ்சம் தாழ்வா" என்று வாயால் சொன்னால் ஆளுக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

8. மரை கலக்காதீர்கள்

இந்த வேலையில் அதிகமாகக் கெட்டுப்போவது இதனால்தான். மினியின் பழைய நட்கள் அங்குல மரை, யூஎன்எஃப் வகை. புதுச் சீட்டோடு வரும் போல்ட்கள் மெட்ரிக். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கையால் முடுக்கினால் ஓரிரு சுற்று போகவும் செய்யும்.

ஆனால் எம்8இன் மரை இடைவெளி 1.25 மி.மீ., அங்குல மரைக்கு 1.06 மி.மீ. மூன்றாவது சுற்றில் இறுகும். "துருவாக இருக்கும்" என்று ஸ்பேனரால் அழுத்தினால் தகட்டு நட்டின் மரை போய்விடும். விதி எளிது: கையால் கடைசி வரை போகாத போல்ட்டை ஸ்பேனரால் தொடாதீர்கள்.

காரோடு சேரும் இடத்தில் அங்குல போல்ட், ஃபிரேமும் சீட்டும் சேரும் இடத்தில் மெட்ரிக் போல்ட். இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். மெட்ரிக்கில் தலையில் 8.8 என்று பொறித்ததை வாங்குங்கள். முத்திரை இல்லாத மலிவு போல்ட் அலமாரிக்கு ஆகும், சீட்டுக்கு ஆகாது. பெல்ட் போல்ட் 7/16 அங்குல யூஎன்எஃப். அதைச் சீட் போல்ட்டுக்கு மாற்றாகவோ, வேறெதையும் அதற்கு மாற்றாகவோ போடக்கூடாது.

9. பொருத்தும் வரிசை

வெளியே வைத்து ஃபிரேமையும் சீட்டையும் சேருங்கள், ஆனால் முழுக்க இறுக்காதீர்கள். காருக்குள் ஏற்றும் முன் வாசற்படிக்கும் கதவுத் தூணுக்கும் பழைய துண்டு சுற்றுங்கள். ரெயிலின் முனை பெயின்ட்டைக் கீறிவிடும்.

நான்கு போல்ட்டையும் கையால் தொடங்கிவிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்களையும், முன்னால் இழுத்துப் பின் போல்ட்களையும் பாதி இறுக்குங்கள். இப்போது சீட்டை முழு நீளத்துக்கும் பலமுறை நகர்த்துங்கள். இரண்டு ரெயிலும் இணையாக இல்லாவிட்டால் எங்காவது சிக்கும். இந்த நிலையில் அவை தாமாகவே சரியாகிக்கொள்ளும். ஒரே மூச்சில் இறுக்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

சரியானதும் டார்க் ரெஞ்ச். 8.8 தர எம்8 போல்ட்டுக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர் போதும். அங்குல போல்ட்டுக்கு உங்கள் மாடலின் பட்டறைக் கையேட்டைப் பாருங்கள்.

10. கார் நிற்கும்போதே சோதனை

சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நிலையிலும் முன்னும் பின்னும் உலுக்குங்கள். இரண்டு பக்க ரெயிலும் ஒரே நேரத்தில் க்ளிக் என்று பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் சீட் பிடித்த மாதிரியே இருக்கும். பலமாகப் பிரேக் போடும்போதுதான் திரும்பும். இரண்டு ரெயிலின் பூட்டையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் தீரும்.

கவிழும் ஃபிரேம் என்றால் பின்பூட்டு ஒவ்வொரு முறையும் தானாக விழுகிறதா, பின்னால் உட்கார்ந்தவர் அதை எட்டித் திறக்க முடிகிறதா என்று ஓர் ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். குழந்தையை ஏற்றுபவராக இருந்தால் குழந்தை இருக்கையையும் இப்போதே பின்னால் வைத்துப் பாருங்கள். 1.35 மீட்டருக்குக் கீழ் உயரமுள்ளவர்களுக்கு அது கட்டாயம். புதுச் சீட்டின் தடித்த முதுகு பின்னால் உள்ள இடத்தைத் தின்றிருக்கும்.

பின்னால் பார்க்கும் கண்ணாடிகள் மூன்றையும் சரியான கோணத்துக்குத் திருப்பி வையுங்கள். உட்காரும் உயரம் மாறிவிட்டது.

11. ஓட்டிய பிறகு

முதல் நூறு கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். புது பெயின்ட்டும் கம்பளமும் அமுங்கி, இறுக்கம் கொஞ்சம் இளகியிருக்கும். போல்ட்டின் நடுவே கம்பளம் சிக்கியிருந்தால் திரும்பத் திரும்ப இளகும். அந்த இடத்தில் கம்பளத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இரும்பின் மேல் இரும்பு உட்காரும்படி செய்யுங்கள்.

பழைய சீட்டை விற்கவோ எறியவோ வேண்டாம். அசல் சீட்டோடு இருக்கும் மினிக்கு வாங்குபவர் தனி விலை கொடுப்பார். ஆய்வில் ஏதாவது கேள்வி வந்தாலும் திரும்பப் போட ஒரு வழி இருக்கும். அதற்காக வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுக்கிவிடாதீர்கள்; அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும், நகர மன்றத்தின் நோட்டீஸும் சீக்கிரம் வந்து சேரும். பழைய போல்ட்களை ஒரு பையில் போட்டு சீட்டின் அடியிலேயே கட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு நெகிழி உறையில் சுற்றி, கட்டிலுக்கு அடியிலோ வாடகைக் கிடங்கிலோ வையுங்கள்.